பனிக்கண்டத்தில் கால் வைத்த அதிதி அம்மா



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதணும்னு செயற்குழுவில் தீர்மானம் போட்டாங்க. சேமிப்பு, சிறுதொழில், மூலிகை, சமையல் எல்லாத்துக்கும் ஆள் கிடைச்சாச்சு. வரலாற்றில் சாதித்த ஒரு பெண்ணைப் பத்தி எழுதுற வேலை எனக்கு வந்தது. வேலுநாச்சியார், முத்துலட்சுமி ரெட்டி, கல்பனா சாவ்லா இவங்களைப் பத்தி நாம நிறைய கேட்டிருக்கோம். மகளிர் தின விழாவில் நம்ம பிள்ளைங்களே மேடை ஏறிப் பேசியிருக்காங்க. அதனால நான் வேற ஒருத்தரை எடுத்துக்கிட்டேன். இவங்க கடலைப் படிச்சவங்க. நம்ம பழவேற்காடு ஏரியில் இறால் எதைத் தின்னு வளருதோ, அந்த விஷயத்தையே படிப்பா எடுத்துப் படிச்சவங்க. பேரு அதிதி பந்த்.

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். பெரிய அறிவியல் வார்த்தை எல்லாம் எனக்கு வராது. என் பொண்ணோட அறிவியல் டீச்சர் சொல்லிக் கொடுத்ததையும், நூலகத்துப் புத்தகத்தில் படிச்சதையும் நமக்குப் புரியுற மாதிரி எழுதியிருக்கேன்.

பிறப்பும் படிப்பும்

அதிதி பந்த் 1943ஆம் வருஷம் ஜூலை 5ஆம் தேதி மகாராஷ்டிராவில் உள்ள நாக்பூரில் பிறந்தார். நாக்பூர் எங்கே இருக்குன்னு இந்தியா வரைபடத்தில் பாருங்க, நடு இந்தியாவில் இருக்கு. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடலைப் பார்க்க நூத்துக்கணக்கான மைல் போகணும். நாம காலையில் எழுந்தா ஏரிக்காத்து முகத்தில் அடிக்குது. அப்படி ஒரு காத்தே வராத ஊரில் பிறந்த பொண்ணுதான் பின்னாடி கடல் படிப்பில் பேர் வாங்கினாங்க.

புனே பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. படிச்சாங்க. அந்தச் சமயத்தில் ஒரு புத்தகம் அவங்க கையில் கிடைச்சது. ஆலிஸ்டர் ஹார்டி என்கிற இங்கிலாந்து விஞ்ஞானி கடலைப் பத்தி எழுதின புத்தகம் அது. கடல் தண்ணியில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிற உயிர்களைப் பத்தி அதில் விவரமா இருக்கும். இந்த ஹார்டி 1925ஆம் வருஷம் டிஸ்கவரி என்கிற கப்பலில் பூமியின் தென்கோடிக் கடலுக்குப் போய் ஆராய்ச்சி செஞ்சவர். அவர் எழுதினதைப் படிச்ச இந்தியப் பொண்ணு ஒருத்தி பின்னாளில் அதே தென்கோடிக்கே போவாள்னு அவர் நினைச்சிருக்கவே மாட்டார்.

புத்தகம் படிச்சு ஆசை வந்தா மட்டும் போதுமா? படிக்கக் காசு வேணும். அமெரிக்க அரசாங்கம் ஹவாய் பல்கலைக்கழகத்தில் படிக்க உதவித்தொகை தருதுன்னு அவங்களுக்குத் தகவல் கிடைச்சது. விண்ணப்பிச்சாங்க, கிடைச்சது. ஹவாய்ங்கிறது பசிபிக் பெருங்கடல் நடுவில் இருக்கிற தீவுக்கூட்டம். நாலு பக்கமும் கடல். கடலைப் படிக்க அதைவிட நல்ல இடம் ஏது? அங்கே கடல் அறிவியலில் எம்.எஸ். பட்டம் வாங்கினாங்க. அப்புறம் லண்டனில் வெஸ்ட்ஃபீல்டு கல்லூரியில் கடல் பாசிகளைப் பத்தி ஆராய்ச்சி செஞ்சு டாக்டர் பட்டம் வாங்கினாங்க. அந்தக் கல்லூரி 1882இல் பெண்கள் படிக்கிறதுக்குன்னே தொடங்கின கல்லூரி.

தகவல் கிடைச்சதுன்னு ஒரு வரியில் எழுதிட்டேன். ஆனா அந்த ஒரு தகவல் வரலைன்னா இந்தக் கட்டுரையே இல்லை. இதைப் பத்திக் கடைசியில் திரும்பவும் சொல்றேன்.

கண்ணுக்குத் தெரியாத பயிர்

அவங்க படிச்சது எதைப் பத்தி? இதை நாம நல்லா தெரிஞ்சுக்கணும், ஏன்னா இது நம்ம பிழைப்பு.

நிலத்தில் புல் முளைக்குது. புல்லை ஆடு மேயுது. ஆட்டை நாம சாப்பிடுறோம். கடலிலும் இதே கதைதான். ஆனா கடலில் புல் எங்கே இருக்கு? கரையோரம் கொஞ்சம் பாசி இருக்கும், அவ்வளவுதான். நடுக்கடலில் இவ்வளவு மீன் எதைத் தின்னு வாழுது?

ஒரு சொம்பு கடல் தண்ணியை எடுத்துப் பார்த்தா சும்மா தண்ணியாத்தான் தெரியும். பூதக்கண்ணாடிக் கருவியில் வச்சுப் பார்த்தா அதுக்குள்ள ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னச் செடிகள் மிதக்கும். இதுக்குத் தமிழில் மிதவைப் பாசின்னு சொல்லலாம். வேர் இல்லை, தண்டு இல்லை, இலை இல்லை. ஆனாலும் நெற்பயிர் மாதிரியே வெயிலை வாங்கித் தனக்கு வேண்டிய சாப்பாட்டைத் தானே சமைச்சுக்கும். இதை ரொம்பச் சின்னப் பூச்சி போல இருக்கிற மிதவை உயிர்கள் தின்னும். அதைச் சின்ன மீன் தின்னும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும். கடைசியில் நம்ம குழம்புச் சட்டிக்கு வரும். பூமியில் இருக்கிற காத்தில் நாம இழுக்கிற பிராணவாயுவில் ஏறக்குறைய பாதி இந்த மாதிரி கடல் பயிர்கள் விட்டதுதான்னு சொல்றாங்க. கடலையே பார்க்காத ஊர்க்காரங்க விடுற மூச்சிலும் கடல் இருக்கு.

அதிதி அம்மா ஹவாயில் ஆராய்ச்சி செஞ்சது இந்தப் பயிரைத்தான். நம்ம ஊர் மாதிரி வெயில் சுள்ளுன்னு அடிக்கிற கடலில், அந்த வெயிலோட அளவு இந்தப் பயிரோட வேலையை எப்படி மாத்துதுன்னு பார்த்தாங்க. வெயில் வேணும், ஆனா அளவுக்கு மீறினா மேல்மட்டத்தில் இருக்கிற பயிர் சோர்ந்துபோகும். கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது நல்லா வேலை செய்யும். நாத்து விடுறவங்களுக்கு இது தெரியாததா? இளநாத்து மேல உச்சி வெயில் பட்டா வாடிப்போகும் இல்ல, அந்த மாதிரிதான்.

எங்க ஆயா ஏரியில் இடுப்பளவுத் தண்ணியில் நின்னு கையால தடவி இறால் பிடிச்சவங்க. தண்ணியை ஒரு வாய் வச்சுப் பார்த்தே, "உப்பு ஏறிப்போச்சு, இன்னைக்கு இங்க ஒண்ணும் ஆகாது, வடக்கே போலாம்"னு சொல்லுவாங்க. தண்ணி பச்சையா இருந்தா ஒரு பேச்சு, கலங்கலா இருந்தா ஒரு பேச்சு. பள்ளிக்கூடம் பக்கமே போகாதவங்க. அதிதி அம்மா கருவி வச்சு அளந்ததை எங்க ஆயா நாக்கை வச்சு அளந்தாங்க. ஒரு வித்தியாசம், ஆயா தெரிஞ்சுக்கிட்டதை யாரும் எழுதி வைக்கலை. அது அவங்களோடவே போயிடுச்சு.

கப்பலில் பெண்ணுக்கு இடம் இல்லை

கடலைப் படிக்கணும்னா கப்பல் ஏறணும். அங்கேதான் பிரச்சினை.

நம்ம பக்கம் தொழிலுக்குப் போற படகில் பொம்பளை ஏறக்கூடாதுன்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கோம். ஏரியில் பாடு போடுறதும் ஆம்பளைங்க பேரில்தான். ஆனா படகுக்கு வைக்கிற பேரைப் பாருங்க. அம்மன் பேர், மாதா பேர், மகள் பேர். பேர் ஏறலாம், ஆள் ஏறக்கூடாது. இது நம்ம ஊர்ப் பழக்கம், படிக்காத சனங்க பேச்சுன்னு நான் நினைச்சிருந்தேன். படிச்ச நாட்டுக்காரங்களும் இதையேதான் செஞ்சிருக்காங்க.

அமெரிக்காவில் ரேச்சல் கார்சன்னு ஒரு அம்மா. 1907இல் பிறந்தவங்க. 1936இல் அரசாங்க மீன்வளத் துறையில் வேலைக்குச் சேர்ந்தாங்க. அப்பா இறந்துட்டார், அடுத்து அக்காவும் இறந்துட்டாங்க. வயசான அம்மாவையும், அக்கா விட்டுப்போன இரண்டு பெண் பிள்ளைகளையும் அந்த ஒரு சம்பளத்தில் காப்பாத்தினாங்க. மீன் துறையில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் 1949ஆம் வருஷம்தான் ஆல்பட்ராஸ் 3 என்கிற ஆராய்ச்சிக் கப்பலில் போக வாய்ப்பு வந்தது. அந்தக் கப்பலில் அதுவரைக்கும் பெண் யாரும் போனதில்லை. அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண் போறது சரியில்லைன்னு அதிகாரிகள் தயங்கினாங்க. கடைசியில் துணைக்கு இன்னொரு பெண்ணும் வந்தா போகலாம்னு முடிவாகி, இரண்டு பேராப் போனாங்க. நம்ம வீட்டில் "தனியா போகாதே, கூட யாரையாவது கூட்டிட்டுப் போ"ன்னு சொல்றதேதான். ஆனா அந்தப் பயணம் வீண் போகலை. 1951இல் கடலைப் பத்தி அவங்க எழுதின புத்தகம் உலகம் முழுக்கப் பேர் வாங்கினது. 1962இல் பூச்சிமருந்தால பறவையும் மீனும் சாகுதுன்னு இன்னொரு புத்தகம் எழுதினாங்க. மருந்து கம்பெனிக்காரங்க எவ்வளவோ ஏசினாங்க. அவங்க புற்றுநோயோட போராடிக்கிட்டே அரசாங்கத்துக்கு முன்னாடி போய் சாட்சி சொன்னாங்க. 1964இல் காலமானாங்க. 1972இல் டி.டி.டி. மருந்தை அந்த நாட்டில் தடை செஞ்சாங்க.

அடுத்து சில்வியா எர்ல். இதுவும் அமெரிக்கா, ஆனா கதை நடந்தது நம்ம இந்தியப் பெருங்கடலில். 1959 முதல் 1965 வரைக்கும் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை ஆராய்ச்சி செஞ்சாங்க. இந்தியாவும் அதில் பெரிய பங்கு எடுத்துச்சு. அதில் ஆன்டன் புரூன்னு ஒரு கப்பல். 1964இல் அந்தக் கப்பலில் 70 ஆண்களோட ஒரே பெண்ணா சில்வியா எர்ல் ஏறினாங்க. ஆப்பிரிக்காவில் மொம்பாசா துறைமுகத்தில் பத்திரிகைக்காரர் பேட்டி எடுத்தார். என்ன மீன், என்ன பாசின்னு ஆராய்ச்சியைப் பத்தி அவங்க பேச நினைச்சாங்க. மறுநாள் பேப்பரில் பெரிய எழுத்தில் வந்தது 70 ஆண்களோட ஒரு பெண் கப்பலில் போறாங்கங்கிற சேதிதான். ஊர் வாய்க்கு எந்த ஊரும் ஒண்ணுதான் போல!

பனிக்கண்டமான அண்டார்டிகா கதை இன்னும் மோசம். நார்வே நாட்டு கரோலின் மிக்கல்சன் 1935இல் கப்பல் தலைவரான புருஷனோட போய் அங்கே இறங்கினதைத்தான் முதல் பெண் காலடின்னு சொல்றாங்க. 1956இல் ரஷ்யாவின் மரியா கிளெனோவா போய் ஆராய்ச்சி செஞ்சாங்க. ஆனா அமெரிக்கா தன் பெண் விஞ்ஞானிகளை 1969 வரைக்கும் அனுப்பவே இல்லை. சொன்ன காரணம் என்ன தெரியுமா? அங்கே பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லையாம். நிலாவுக்கு ஆளை அனுப்பின நாடு சொன்ன காரணம் இது. கழிப்பறை இல்லைன்னு வயசுக்கு வந்த பிள்ளைங்க பள்ளிக்கூடத்தை விட்டு நிக்கிறது நமக்குத் தெரிஞ்ச கதைதானே. கழிப்பறை கட்டித் தர வேண்டியவங்க அதையே காரணமா சொன்னா எப்படி?

கோவாவும் பணிக்கர் ஐயாவும்

அதிதி அம்மா வெளிநாட்டிலேயே இருந்திருக்கலாம். நல்ல சம்பளம் கிடைச்சிருக்கும். ஆனா இந்தியாவுக்குத் திரும்பினாங்க. அவங்களுக்குத் தூண்டுதலா இருந்தவர் என்.கே. பணிக்கர். கேரளாக்காரர். மெட்ராஸ் பல்கலைக்கழகத்திலும், அப்புறம் ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் மண்டபத்தில் இருந்த மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்திலும் வேலை பார்த்தவர். அவர் ஆரம்பத்தில் செஞ்ச ஆராய்ச்சி எதைப் பத்தி தெரியுமா? இறால் உப்புத் தண்ணியிலும் உப்பு குறைஞ்ச தண்ணியிலும் எப்படிச் சமாளிச்சு வாழுதுன்னு. நம்ம ஏரி இறால் செய்யுற வேலையே அதுதான். 1966ஆம் வருஷம் ஜனவரி 1ஆம் தேதி தேசிய கடலாராய்ச்சி நிறுவனம் தொடங்கினப்போ அதோட முதல் இயக்குநர் அவர்தான். அது பின்னாடி கோவாவுக்குப் போச்சு.

1973இல் அதிதி அம்மா அந்த நிறுவனத்தில் சேர்ந்தாங்க. மேற்குக் கடற்கரை முழுக்கச் சுத்தி ஆராய்ச்சி செஞ்சாங்க. தண்ணி எடுக்கிறது, வடிகட்டுறது, எண்ணுறது, எழுதுறது. மீன்காரங்க பிழைக்கிற கரையில் மீனுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பார்க்கிற வேலை. 17 வருஷம் அங்கே இருந்தாங்க. இதையெல்லாம் யாரும் போட்டோ எடுத்துப் பேப்பரில் போடலை. பேர் வந்தது 1983இல்.

1983 டிசம்பர்

இந்தியாவின் முதல் அண்டார்டிகா பயணம் 1981 டிசம்பரில் கோவாவில் இருந்து கிளம்பியது. 21 பேர், எல்லாரும் ஆண்கள். தலைவர் எஸ். இசட். காசிம், அவரும் கடல் உயிரியல் படிச்சவர்தான். 1982 ஜனவரி 9ஆம் தேதி பனியில் இறங்கினாங்க. இரண்டாவது பயணத்திலும் பெண்கள் இல்லை. மூன்றாவது பயணத்துக்குத் தலைவர் ஹர்ஷ் குப்தா. அந்தக் குழுவில் இரண்டு பெண்களைச் சேர்த்தாங்க. ஒருத்தர் அதிதி பந்த். இன்னொருத்தர் கல்கத்தாக்காரர் சுதீப்தா சென்குப்தா. இவங்க பாறைகளைப் படிச்ச விஞ்ஞானி, எவரெஸ்ட் ஏறின டென்சிங்கிடமே மலையேறக் கத்துக்கிட்டவங்க.

1983 டிசம்பரில் கப்பல் கோவாவை விட்டுக் கிளம்பினது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல தெற்கே போகணும். வழியில் இருக்கிற கடல் உலகத்திலேயே ரொம்ப மோசமான கடல்னு பேர் எடுத்தது. நிலமே குறுக்கே இல்லாததால காத்து தடையில்லாமல் சுத்திச் சுத்தி அடிக்கும். அலை வீட்டு உயரத்துக்கு மேல எழும். அதைத் தாண்டினா பனிப்பாறை மிதக்கிற கடல். அதையும் தாண்டினா வெள்ளை நிலம். அங்கே பனி சராசரியா இரண்டு கிலோமீட்டர் கனம் இருக்கு. நமக்குக் குளிர்காலமான டிசம்பர், ஜனவரி அங்கே கோடைகாலம். சூரியன் இருபத்துநாலு மணி நேரமும் மறையாது.

இந்திய ஆராய்ச்சிப் பயணத்தில் போய் அந்த நிலத்தில் இறங்கின முதல் பெண்கள் இந்த இரண்டு பேரும்தான். அந்தப் பயணத்தில்தான் தட்சிண கங்கோத்ரின்னு இந்தியாவின் முதல் நிரந்தர ஆராய்ச்சி நிலையத்தைப் பனிமேல் கட்டினாங்க.

நாலு மாசப் பயணத்தில் அதிதி அம்மா அந்தக் கடலோட உணவுச் சங்கிலியை ஆராய்ச்சி செஞ்சாங்க. அங்கே கிரில்னு ஒரு உயிர் இருக்கு. நம்ம சென்னாகுனி தெரியும் இல்ல, பார்க்க அதே சாயல்தான், கொஞ்சம் பெரிசு. அந்தக் கிரிலைத்தான் பென்குயின் தின்னுது, கடல்நாய் தின்னுது, உலகத்திலேயே பெரிய உயிரான நீலத் திமிங்கலமும் தின்னுது. அந்தக் கிரில் தின்னுறது கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசியை. ஆக, நூறு டன்னுக்கு மேல இருக்கிற திமிங்கலத்தைத் தாங்குறது ஊசி முனையைவிடச் சின்னப் பயிர். ஆளுக்கு இருபது ரூபா, ஐம்பது ரூபான்னு நாம சேர்த்த காசு பாங்கு வாசலில் நின்னு லட்சத்தில் கடன் கேட்கிற அளவுக்கு வந்ததை நினைச்சுக்கிட்டேன். சின்னதுதான் பெரிசைத் தாங்குது.

1984 மார்ச் மாசம் கப்பல் திரும்பி வந்தது. அப்போ நமக்கெல்லாம் சுய உதவிக் குழுன்னா என்னன்னே தெரியாது. நம்ம தமிழ்நாட்டில் முதல் குழுக்கள் தருமபுரியில் தொடங்கினதே 1989இல்தான்.

பேரும் புகழும்

திரும்பி வந்ததும் இரண்டு பேர் பேரும் நாடு முழுக்கப் பத்திரிகையில் வந்தது. அவங்களுக்கும் அப்புறம் போன ஜெயா நைதானி, கன்வல் வில்கு இவங்களுக்கும் அண்டார்டிகா விருது கொடுத்து இந்திய அரசாங்கம் கௌரவிச்சது. பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரி வந்தது. இன்னைக்கும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைங்களைக் கேட்டா, அண்டார்டிகா போன முதல் இந்தியப் பெண் யார்னு சொல்லிடுவாங்க. அவங்க அங்கே போய் என்ன செஞ்சாங்கன்னு கேளுங்க, தெரியாது.

இதுதான் எனக்கு மனசில் படுது. பெண் ஒருத்தி எங்கே போனாள்னு ஊர் ஞாபகம் வச்சுக்கும், என்ன தெரிஞ்சுக்கிட்டு வந்தாள்னு கேட்காது. 1970இல் சில்வியா எர்லும் இன்னும் நாலு பெண்களும் கடலுக்கு அடியில் கட்டின வீட்டில் இரண்டு வாரம் தங்கி ஆராய்ச்சி செஞ்சாங்க. மேலே வந்ததும் ஊர்வலம் எல்லாம் நடத்தினாங்க. ஆனா நிருபர்கள் கேட்ட கேள்வி, கடலுக்கடியில் தலைமுடியை எப்படிப் பார்த்துக்கிட்டீங்க, உதட்டுச்சாயம் போட்டீங்களான்னு! புகழ் வந்தாலும் மரியாதை தனியாத்தான் வரணும் போல.

அதிதி அம்மா அந்தப் புகழோட உட்கார்ந்துடலை. 1990இல் புனேயில் இருக்கிற தேசிய வேதியியல் ஆய்வகத்துக்குப் போய், உப்பைத் தாங்கி வாழுற நுண்ணுயிர்களைப் பத்தி ஆராய்ச்சியைத் தொடர்ந்தாங்க. அப்புறம் புனே பல்கலைக்கழகத்திலும் வேலை பார்த்தாங்க. பேப்பரில் பேர் வந்தது நாலு மாசப் பயணத்துக்கு. உழைச்சது முப்பது வருஷத்துக்கு மேல.

நம்ம கூட்டமைப்பிலும் இது நடக்குதே. விழாவில் கேடயம் வாங்கின போட்டோ மலரில் வரும். மாசாமாசம் வீடு வீடாப் போய் சந்தா வாங்கி, தீர்மானப் புத்தகம் எழுதி, பாங்குக்கு இரண்டு பஸ் மாறிப் போன ஊக்குநர் அக்காவோட வேலை எந்தப் போட்டோவிலும் வராது. அந்த வேலை இல்லைன்னா கேடயமும் இல்லை.

நம்ம ஏரி, நம்ம பிள்ளைங்க

இப்போ நம்ம ஏரிக்கு வருவோம். சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி நம்மது. கடலில் முட்டை விடுற இறாலோட குஞ்சு முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ள வரும். இங்கே தின்னு வளர்ந்து திரும்பக் கடலுக்குப் போகும். போற வழியில்தான் நம்ம வலையில் விழுது. முகத்துவாரத்தில் மண் மூடினா குஞ்சு உள்ள வராது. மழை இல்லாத வருஷம் ஆத்துத் தண்ணி வராமல் உப்பு ஏறிப்போகும். அப்போ பாசி மாறும், மீன் மாறும், நம்ம அடுப்பும் மாறும். இந்தக் கணக்கு எல்லாம் அதிதி அம்மா படிச்ச படிப்புக்குள்ளதான் இருக்கு.

மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியரா இருந்த பி.ஜே. சஞ்சீவராஜ் ஐயா நம்ம ஏரி உயிரினங்களைப் பத்தி ஆராய்ச்சி செஞ்சு எழுதினதை தேசிய பல்லுயிர் ஆணையம் 2006இல் புத்தகமாப் போட்டிருக்கு. வெளியில் இருந்து வந்தவர் நம்ம ஏரியைப் புத்தகம் ஆக்கினார், அதுக்கு நன்றி. அடுத்த புத்தகத்தை நம்ம பிள்ளைங்க யாராவது எழுதணும்னு ஆசைப்படுறது தப்பா?

அதுக்குப் படிப்பு எங்கே இருக்குன்னு கேட்பீங்க. பொன்னேரியில் இருக்கு. டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி. எளாவூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினா கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை தாண்டி பொன்னேரி. பன்னிரண்டாவதில் உயிரியல் எடுத்துப் படிச்ச பிள்ளைங்க அந்தக் கல்லூரியில் நாலு வருஷப் பட்டப்படிப்பு படிக்கலாம். மீனவர் குடும்பத்துப் பிள்ளைங்களுக்குன்னு தனியா இடமும் ஒதுக்குறாங்க. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எங்க குழுவிலேயே ஒரு அக்கா, உயிரியலில் நல்ல மார்க் வாங்கின பொண்ணைப் பன்னிரண்டாவதோட நிறுத்திக் கம்பெனி வேலைக்கு அனுப்பிட்டாங்க. அவங்க மேல தப்பு இல்லை. விண்ணப்பம் போடுற தேதி முடிஞ்ச அப்புறம்தான் அப்படி ஒரு கல்லூரி இருக்குன்னே அவங்களுக்குத் தெரிஞ்சது. புனேயில் இருந்த பொண்ணுக்கு ஹவாய் தகவல் நேரத்துக்குக் கிடைச்சது. எளாவூரில் இருந்த பொண்ணுக்குப் பொன்னேரி தகவல் நேரத்துக்குக் கிடைக்கலை.

அதனால கூட்டமைப்புக்கு மூணு விஷயம் கேட்டுக்கிறேன்.

முதலாவது, பத்தாவது ரிசல்ட் வந்ததுமே பதினோராவதில் எந்தப் பிரிவு எடுத்தா எந்தப் படிப்புக்குப் போகலாம்னு எல்லாக் குழுக் கூட்டத்திலும் ஒருநாள் பேசணும். கல்லூரி விண்ணப்பத் தேதியை நம்ம கூட்டமைப்பு அலுவலகச் சுவரில் எழுதிப் போடணும்.

இரண்டாவது, உள்கடன் கொடுக்கும்போது காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் கொடுக்கிறோம். பொண்ணோட படிப்புக்குக் கேட்டா முதலிடம் கொடுக்கணும்னு தீர்மானம் போடணும்.

மூணாவது, ஏரியில் இறங்கித் தொழில் செய்யுற பெரியம்மாக்கள், ஆயாக்கள் சொல்ற விஷயத்தை ஒரு நோட்டில் எழுதி வைக்கணும். எந்த மாசம் எந்த இறால், தண்ணி எந்த நிறம் ஆனா என்ன வரும், முகத்துவாரம் எந்த வருஷம் மூடினது எல்லாத்தையும். பேரும் தேதியும் போட்டு எழுதணும். எழுத நான் தயார். நாளைக்கு இதைப் படிக்கிற ஒரு பொண்ணுக்கு அது முதல் பாடப்புத்தகமா இருக்கும்.

அதிதி அம்மா பிறந்த ஊரில் கடல் இல்லை. ஆனாலும் கடல் அவங்களுக்குக் கிடைச்சது. நமக்குக் கடலும் இருக்கு, ஏரியும் இருக்கு, பக்கத்தில் கல்லூரியும் இருக்கு. இனி நம்ம பொண்ணுங்க மீன் கூடையும் சுமக்கட்டும், மீனைப் பத்திப் புத்தகமும் எழுதட்டும்.